புதிதாக வந்த பாம்பு ஏன் சாப்பிட மறுக்கிறது?

பாம்பு வளர்க்கத் தொடங்கியவர்களிடம் பேசிப் பாருங்கள். முதல் மாதத்தில் அவர்களைத் தூங்கவிடாமல் செய்தது, கடித்துவிடுமோ என்ற பயமாக இருக்காது. வைத்த எலி காலையில் வைத்த இடத்திலேயே கிடக்கிறதே என்ற கவலையாகத்தான் இருக்கும். இரண்டாம் வாரமும் அதே கதை. உடனே பெரிய எலிக்குப் பதில் சின்ன எலி, செத்ததற்குப் பதில் உயிருள்ளது, இந்த அலமாரியில் இருந்த பெட்டி அந்த அலமாரிக்கு என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். நடுவில் பாம்பை வெளியே எடுத்துத் தடவிக்கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் பாம்பு உருண்டையாகச் சுருண்டு, தலையை உள்ளே செருகிக்கொண்டுவிடும். நாயோ பூனையோ இரண்டு நாள் சாப்பிடாவிட்டால் மருத்துவரிடம் ஓடத்தான் வேண்டும். பாம்பின் பசி வேறு கணக்கில் ஓடுகிறது. அது புரிந்துவிட்டால், புதுப் பாம்பைப் பழக்குவதில் முக்கால்வாசி வேலை சும்மா இருப்பதுதான் என்று தெரிந்துவிடும்.

எல்லாப் பாம்புக்கும் பொதுவாகப் பேசுவதைவிட ஒரே ஒரு பாம்பை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் புதிதாகப் பாம்பு வாங்குபவர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது, பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் பந்து மலைப்பாம்பை. ‘பைத்தான் ரீஜியஸ்’ என்பது அறிவியல் பெயர். மலைப்பாம்பு இனங்களில் சிறியவற்றுள் ஒன்று. வளர்ந்த பெண் பாம்பு ஒன்றரை மீட்டர் இருந்தால் அதிகம். ஆண் அதைவிடச் சிறியது. நஞ்சு கிடையாது. சாதுவான சுபாவம். இத்தனை நற்குணங்களோடு, சாப்பிட மறுப்பதில் இதற்கு இணையான வளர்ப்புப் பாம்பு வேறில்லை என்ற பெயரையும் சம்பாதித்து வைத்திருக்கிறது.

சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளும் காட்டோரங்களும், அவற்றை அடுத்த விளைநிலங்களும். பகல் முழுவதும் எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகு வெளியே வரும். பெனின் நாட்டில் ஊயிடா என்ற ஊரில் இந்தப் பாம்புக்குக் கோயிலே இருக்கிறது. அங்குள்ள பாம்புகளை இரவில் வெளியே போய்வர விடுவதும், வழிதவறி யார் வீட்டுக்குள்ளாவது நுழைந்தால் ஊர்க்காரர்கள் பக்குவமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் வழக்கம். புற்றுக்கு மஞ்சள் பூசும் நமக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அதே பெனினிலிருந்தும், பக்கத்து டோகோ, கானாவிலிருந்தும்தான் பல ஆண்டுகளாக இந்தப் பாம்புகள் பெட்டி பெட்டியாக உலகச் சந்தைக்குப் போகின்றன. வளைகளைத் தோண்டி, சினைப் பாம்புகளையும் முட்டைகளையும் குட்டிகளையும் எடுப்பார்கள். இன்றைக்கு வளர்ப்பிடத்திலேயே பிறந்த குட்டிகள் தாராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைத்தான் வாங்க வேண்டும். காட்டிலிருந்து பிடித்து வந்த பாம்பு ஒட்டுண்ணிகளோடும் அதிர்ச்சியோடும் வரும். வெள்ளெலியை அது தன் வாழ்நாளில் பார்த்திருக்காது. அதை ஒரு வேளை தின்னவைப்பதற்குள் அனுபவசாலிகளுக்கே போதும் போதும் என்றாகிவிடும்.

வாங்குவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய இன்னொன்று இதன் ஆயுள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்துக்கு 1961 இல் தனியார் ஒருவர் கொடுத்த பெண் பந்து மலைப்பாம்பு ஒன்று, 2020 ஜூலையில் ஏழு முட்டை இட்டது. வயது அறுபதைத் தாண்டியிருக்கும் என்று கணித்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஆண் பாம்பின் வாடையே அதன் பக்கம் பட்டதில்லை. எல்லாப் பாம்பும் அவ்வளவு காலம் இருக்காது என்றாலும் இருபது, முப்பது ஆண்டு சாதாரணம். பத்தாம் வகுப்புப் பையன் ஆசைப்பட்டு வாங்கும் பாம்பை, அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சரி, ஏன் சாப்பிடுவதில்லை? சாப்பாட்டுக்கு அவசரமே இல்லாத உடம்பு அது. நாம் உண்பதில் பெரும்பங்கு உடம்பை 37 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கவே செலவாகிறது. பாம்புக்கு அந்தச் செலவு கிடையாது. வெயிலும் தரையும் தரும் சூட்டை வாங்கிக்கொள்கிறது. ஓடியாடி இரை தேடும் பாம்புகளோடு ஒப்பிட்டாலும், பதுங்கிக் காத்திருந்து பிடிக்கும் மலைப்பாம்பு ஒருபடி மேலே சிக்கனம் பிடிக்கும். ஸ்டீபன் செகோர், ஜாரெட் டயமண்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1990களில் பர்மிய மலைப்பாம்பை வைத்து நடத்திய ஆய்வுகள் இதை விரிவாகக் காட்டின. இரை இல்லாத நாட்களில் பாம்பு தன் குடலையே சுருக்கி வைத்துவிடுகிறது. வயிற்றில் அமிலம் சுரப்பதும் நின்றுவிடுகிறது. இரை உள்ளே போனதும் ஓரிரு நாளில் சிறுகுடலின் எடை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. உணவை உறிஞ்சும் நுண்ணிய விரல்கள் பல மடங்கு நீள்கின்றன. வயிறு கடும் அமிலத்தால் நிறைகிறது. ஈரலும் சிறுநீரகமும் பெருக்கின்றன. இதயத் தசைகூட இரண்டே நாளில் 40 சதவீதம் பெருக்கும் என்று 2005 இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஓர் ஆய்வு தெரிவித்தது. எல்லாம் செரித்து முடிந்த பிறகு, விருந்து முடிந்ததும் பந்தலைப் பிரிப்பதைப் போல, ஒவ்வொரு உறுப்பையும் பழைய அளவுக்குச் சுருக்கிவிடுகிறது.

ஆகவே ஒரு வேளை உணவு என்பது பாம்புக்குப் பெரிய முதலீடு. விழுங்கிய எலியைச் செரித்து முடிக்கச் சூடு வேண்டும். சூடு குறைந்தால் செரிமானம் மந்தமாகும். மிகவும் குறைந்தால் உள்ளே கிடக்கும் எலி செரிப்பதற்குப் பதில் அழுகத் தொடங்கும். வயிறு புடைத்து நகரவும் முடியாமல் கிடக்கும் நேரத்தில் எதிரி வந்தால் உயிர் போகும். இந்த இரண்டு ஆபத்தும் இல்லை என்று தெரிந்தால்தான் பாம்பு வாயைத் திறக்கும். ‘சூடு இருக்கிறதா, பத்திரமாக இருக்கிறேனா’ என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் கிடைக்காத இடத்தில், எலி எவ்வளவு கொழுத்திருந்தாலும் பயனில்லை. சாப்பாட்டுப் பிரச்சினை என்று நினைத்துக்கொண்டு எலியை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பெட்டியைத்தான் பார்த்திருக்க வேண்டும்.

பெட்டியில் ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி என்று இருக்க வேண்டும். சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி. பாம்பு இரண்டுக்கும் நடுவே ஊர்ந்து ஊர்ந்து தனக்கு வேண்டிய சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். லண்டனிலோ டொரான்டோவிலோ மனிதர்களுக்கு இதமாக இருக்கும் 20 டிகிரி அறை, இந்தப் பாம்புக்குப் பட்டினி போடும் அறை. சூடேற்றும் விளக்கோ தகடோ எதுவானாலும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டக் கூடாது. கட்டுப்பாடில்லாத வெப்பத் தகட்டின் மேல் படுத்து அடிவயிறு வெந்துபோன பாம்புகளை ஊர்வன மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள். சூடு பொறுக்காவிட்டால் எழுந்து போய்விடும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. பல நேரம் அது எழுந்து போவதில்லை. வெப்பமானியின் முனை, பாம்பு படுக்கும் இடத்தில் தரையை ஒட்டி இருக்க வேண்டும். கண்ணாடிச் சுவரில் ஒட்டி வைத்த வட்ட மீட்டர் காட்டும் எண், அந்தச் சுவரின் சூடு மட்டுமே.

அடுத்தது பதுங்கிடம். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று, இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றே ஒன்று வைத்தால் பாம்பு பத்திரமா சூடா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். பெரும்பாலும் பத்திரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, குளிரில் செரிக்காமல் கிடக்கும். பதுங்கிடம் தாராளமாக இருக்க வேண்டும் என்று நினைப்பது நம் மனித புத்தி. பாம்புக்கு முதுகும் விலாவும் சுவரில் உரச வேண்டும். நுழைவாய் ஒன்று போதும், அதுவும் சிறியதாக. இதற்கு நல்ல சான்று பார்க்க விரும்பினால் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலிக்குப் போகலாம். 1978 இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புப் பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அங்கே இருக்கிறது. விஷம் எடுப்பதற்காகப் பிடித்துவரும் நல்ல பாம்பையும் விரியனையும் அவர்கள் மண்பானைகளில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வைக்கிறார்கள். சில வாரங்களுக்குப் பிறகு காட்டில் விட்டுவிடுகிறார்கள். இருட்டு, குளிர்ந்த மண், நான்கு பக்கமும் உடம்பைத் தொடும் சுவர். பாம்பு அமைதியாகக் கிடக்க என்ன வேண்டும் என்று அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. கடையில் விற்கும் பிளாஸ்டிக் மண்டையோட்டு வடிவப் பதுங்கிடத்தைவிட, கவிழ்த்துப் போட்டு ஓரத்தில் வழி உடைத்த ஒரு மண்தொட்டி மேல் என்பது என் கட்சி. உடைத்த விளிம்பை மட்டும் நன்றாகத் தேய்த்து மழுக்கிவிட வேண்டும்.

தரைக்குத் தென்னை நார்க்கழிவு அருமையானது. ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல விடும். வெளிநாட்டுக் கடைகளில் செங்கல் வடிவில் அழுத்தி விற்கும் இந்தச் சரக்கில் பெரும்பகுதி தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் போவதுதான். தேவதாரு வகை மரங்களின் சீவல் மட்டும் ஆகாது. அதிலுள்ள எண்ணெய் ஆவி பாம்பின் நுரையீரலுக்குக் கெடுதல். காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தையொட்டி இருக்கட்டும். உடம்பை நனைத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு தண்ணீர்க் கிண்ணம். கண்ணாடித் தொட்டியாக இருந்தால் மூன்று பக்கம் காகிதமோ அட்டையோ ஒட்டி மறைத்துவிடுவது நல்லது. மூடி பூட்டும்படி இருக்க வேண்டும். பாம்பின் தலை நுழையும் இடுக்கில் உடம்பும் நுழைந்துவிடும்.

பாம்பு வருவதற்கு முன்பே இதெல்லாம் தயாராகி, சூடு நிலையாக நிற்கிறதா என்று பார்த்து முடித்திருக்க வேண்டும். பாம்பு வந்ததும் பெட்டிக்குள் விட்டு மூடிவிட்டு, ஒரு வாரம் அந்தப் பக்கம் தண்ணீர் மாற்ற மட்டும் போக வேண்டும். வாங்கிய அன்றே தோளில் போட்டுப் படம் எடுக்க ஆசையாகத்தான் இருக்கும். அந்தப் படத்துக்குப் பாம்பு கொடுக்கும் விலை இன்னும் இரண்டு வாரப் பட்டினி. முதல் ஐந்தாறு நாள் இரையும் வைக்க வேண்டாம். மூன்று வேளையாவது ஒழுங்காகச் சாப்பிட்டு முடிக்கும்வரை கையில் எடுப்பதும் வேண்டாம்.

முதல் இரைக்கு வருவோம். என்ன அளவு? பாம்பின் உடம்பில் எது மிகப் பருமனான இடமோ அந்தப் பருமனில் ஓர் எலி. குட்டிக்கு அதன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம்; நூறு கிராம் குட்டி என்றால் பத்துப் பதினைந்து கிராம் எலி, வாரத்துக்கு ஒன்று. வளர வளர இடைவெளி கூடும். முழு வளர்ச்சி அடைந்த பாம்புக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும். கேட்கிற போதெல்லாம் போட்டுக்கொண்டே இருந்தால் கொழுப்பு ஈரலில் படியும். வளர்ப்புப் பாம்புகளில் எலும்பும் தோலுமாக இருப்பவற்றைவிடக் கொழுத்துத் தொங்குபவைதான் அதிகம்.

எலி முன்பே கொல்லப்பட்டு உறைய வைத்ததாக இருக்க வேண்டும். உயிருள்ள எலியைப் பெட்டிக்குள் விடுவது எலிக்கும் கொடுமை, பாம்புக்கும் ஆபத்து. பசியில்லாத பாம்போடு ஓர் இரவு அடைபட்ட எலி, பாம்பின் முதுகை எலும்பு தெரியக் கடித்துக் குதறியதுண்டு. பாம்பு இனத்துக்கு வேட்டையாடும் ‘உரிமை’ இருக்கிறது என்று வாதாடுபவர்கள், காட்டில் எலிக்கு ஓடி ஒளிய இடம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். உறைந்த எலியை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில், மூடிய டப்பாவில் இறக்கி வைத்துவிட வேண்டும். மறுநாள் பிளாஸ்டிக் பையில் கட்டி வெந்நீரில் போட்டு, தொட்டால் இளஞ்சூடாக, அதாவது 38 டிகிரி வாக்கில் இருக்கும்படி சூடேற்ற வேண்டும். வயிற்றை அமுக்கிப் பார்த்து உள்ளே கட்டியாக எதுவும் இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு வேண்டவே வேண்டாம்: ஒரு பக்கம் வெந்து, ஒரு பக்கம் உறைந்து, சில நேரம் வெடித்தும் தொலைக்கும்.

அந்த இளஞ்சூட்டுக்குக் காரணம் இருக்கிறது. பந்து மலைப்பாம்பின் மேலுதட்டை உற்றுப் பாருங்கள். வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். நம் மலைகளில் வாழும் மூங்கில் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே இருப்பதும் இதே வேலையைச் செய்யும் உறுப்புதான். இரையின் உடலிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களின் சூட்டை இந்தக் குழிகளிலுள்ள நரம்புகள் உணர்கின்றன. அந்த நரம்புகளில் டிஆர்பிஏ1 என்ற புரத வாயில் வெப்ப உணரியாக வேலை செய்வதை டேவிட் ஜூலியஸின் குழு 2010 இல் கண்டறிந்தது. பின்னாளில் வெப்பத்தையும் தொடுதலையும் உடல் உணரும் விதம் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். ஆறிப்போன எலி அந்தக் குழிகளுக்குக் கல்லும் மண்ணும் போலவே தெரியும். தலைப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தால், பாம்பு எங்கே கவ்வ வேண்டும் என்று குறி வைப்பதும் எளிது.

இருட்டத் தொடங்கும் நேரம் தோது. அறை விளக்கை அணைத்துவிடுங்கள். நீண்ட இடுக்கியால் எலியின் இடுப்பைப் பிடித்து, தலை பாம்பின் பக்கம் இருக்கும்படி, பதுங்கிடத்தின் வாசலுக்கு முன்னால் மெல்ல நகர்த்த வேண்டும். முகத்துக்கு நேரே கொண்டுபோய் ஆட்டினால் அது தாக்க வருகிறது என்று பாம்பு எடுத்துக்கொள்ளும். முதலில் வெளியே வருவது நாக்கு. ஒருமுறை, இரண்டு முறை, பிறகு வேகமாக. கழுத்து ‘எஸ்’ வடிவில் பின்னுக்கு மடியும். உடம்பு முழுக்க அசைவற்று நிற்கும். அடுத்த கணம் எலி இடுக்கியில் இருக்காது; பாம்பு அதை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருக்கும். பாய்ந்ததைக் கண்ணால் பார்த்தோமா என்று நமக்கே சந்தேகம் வரும்.

செத்த எலியை ஏன் இப்படி இறுக்குகிறது? இதற்கு அழகான ஒரு சோதனை உண்டு. ஸ்காட் போபாக் என்ற அமெரிக்க உயிரியலாளரின் குழு, செத்த எலிகளுக்குள் துடிக்கும் செயற்கை இதயத்தை வைத்து, மலைப்பாம்பைப் போலவே இரையை இறுக்கிக் கொல்லும் போவாப் பாம்புகளுக்குக் கொடுத்தது. 2012 இல் வெளியான முடிவு இது: துடிப்பு இருக்கும்வரை பாம்புகள் விடாமல், அழுத்தத்தைக் கூட்டிக் கூட்டி இறுக்கின. துடிப்பை நிறுத்தியதும் தளர்த்திவிட்டன. இரையின் இதயத் துடிப்பைத் தன் விலாவால் கேட்கிறது பாம்பு. அதே குழு 2015 இல் இன்னொன்றையும் காட்டியது: இறுக்கும்போது எலி மூச்சுத் திணறிச் சாவதில்லை, சில நொடிகளில் அதன் ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. ஆகவே பாம்பு உங்கள் எலியைச் சுற்றிக்கொண்டதும் இடுக்கியால் மேலும் இழுத்து விளையாட்டுக் காட்ட வேண்டியதில்லை. விளக்கைப் போடாமல் மூடிவிட்டு வெளியே வந்துவிடலாம். தலையைத் தேடிக் கண்டுபிடித்து விழுங்கி முடிக்கச் சற்று நேரம் ஆகும். விழுங்கியதும் பெரிதாகக் கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். தாடையைப் பழைய இடத்தில் பொருத்திக்கொள்கிறது, அவ்வளவுதான்.

இதற்கெனப் பாம்பை வேறொரு டப்பாவுக்கு மாற்றி உணவு கொடுக்கச் சொல்லும் பழைய யோசனை ஒன்று இன்னும் உலவுகிறது. பெட்டிக்குள்ளேயே கொடுத்தால் கையைக் கண்டதும் கடிக்கப் பழகிவிடும் என்பது அதன் வாதம். கூச்ச சுபாவமுள்ள பாம்பைச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறையும், வயிறு நிறைந்த பின் ஒருமுறையும் தூக்கிச் சிரமப்படுத்துவதைத் தவிர அதில் வேறு பயன் எதையும் நான் காணவில்லை.

இவ்வளவும் செய்தும் எலி அப்படியே கிடந்தால்? ராத்திரி வைத்ததைக் காலையில் எடுத்துப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்து மறுபடி வையுங்கள். மறுநாளே முயல்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. கண் பால்போல நீலம் பாய்ந்து, தோல் மங்கியிருந்தால் சட்டை உரிக்கப்போகிறது. உரித்து முடியும்வரை காத்திருக்கலாம். வளர்ந்த ஆண் பாம்பு குளிர்மாதங்களில் இணை தேடும் நினைப்பில் மாதக்கணக்கில் எதையும் தொடாமல் இருக்கும். முட்டையிட்ட பெண் அவற்றைச் சுற்றிக்கொண்டு சுமார் இரண்டு மாதம் அடைகாக்கும். அந்தக் காலம் முழுக்க இரையைப் பெரும்பாலும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

சில குட்டிகளுக்குப் பழகிய வாசனைதான் உணவு. பாம்பு நாக்கை நீட்டிக் காற்றிலுள்ள மணத்துகள்களை அள்ளி, வாயின் மேலண்ணத்திலுள்ள ஜேக்கப்சன் உறுப்பிடம் ஒப்படைக்கிறது. இரை எது என்று தீர்ப்புச் சொல்வது அந்த உறுப்பு. கார்டன் பர்க்ஹார்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், பிறந்து எதையும் உண்ணாத குட்டிப் பாம்புகளின் முன்னே மண்புழு, மீன் முதலியவற்றின் சாற்றில் நனைத்த பஞ்சை நீட்டினார். இரையே இல்லை, பஞ்சுதான் என்றாலும் குட்டிகள் பாய்ந்து கவ்வின. அதுவும் அந்தந்த இனம் இயற்கையில் எதை உண்ணுமோ அதன் சாறு பட்ட பஞ்சை. 1967 இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது. ஆகவே விற்றவரிடம் முதலில் கேட்க வேண்டியது, பாம்பின் நிறத்துக்கு என்ன பெயர் என்பதற்கு முன்னால், இதுவரை என்ன சாப்பிட்டது என்பதை. சுண்டெலி தின்று வளர்ந்த குட்டி வெள்ளெலியை உணவென்றே ஏற்காமல் போகலாம். அப்போது வெள்ளெலியைச் சுண்டெலி கிடந்த வைக்கோலில் புரட்டிக் கொடுத்தால் காரியம் நடந்துவிடும்.

கண்ணுக்கு மெலிந்ததாகத் தெரிகிறது என்பதை நம்பிக் கவலைப்படவும் கூடாது, தைரியமாக இருந்துவிடவும் கூடாது. சமையலறைத் தராசு போல கிராம் காட்டும் ஒரு தராசு வாங்கி, மாதத்துக்கு ஓரிரு முறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை நிலையாக இருந்தால் இரண்டு மூன்று மாதப் பட்டினியும் வளர்ந்த பாம்புக்குப் பெரிதில்லை. எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, முதுகெலும்பு கூரையின் முகடுபோல் தெரிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ, மூக்கில் நுரை கட்டினாலோ, செதிலுக்கிடையில் கருப்புப் புள்ளிகளாக உண்ணி ஊர்ந்தாலோ ஊர்வன தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். வாயைப் பிளந்து எலியைத் திணிப்பது மருத்துவர் கையால் மட்டும் நடக்க வேண்டிய காரியம்.

சாப்பிட்ட பிறகு குறைந்தது இரண்டு நாள் தொடக் கூடாது. தொந்தரவு செய்தாலோ, சூடு போதாவிட்டாலோ, எலி அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலோ கக்கிவிடும். கக்கும்போது வயிற்றின் அமிலமும் சேர்ந்து வெளியேறித் தொண்டையைப் புண்ணாக்கும். பத்துப் பதினைந்து நாள் ஓய்வு கொடுத்து, வழக்கத்தில் பாதி அளவு எலியோடுதான் திரும்பத் தொடங்க வேண்டும்.

பாலைப் பற்றி ஒரு வரி. மலைப்பாம்போ நல்ல பாம்போ, எந்தப் பாம்புக்கும் பால் உணவு ஆகாது. விழாக்களில் பாம்பாட்டியின் பாம்பு பாலைக் குடிக்கிறதென்றால், நாட்கணக்கில் தண்ணீர் காட்டாமல் வைத்திருந்த தாகம் அது.

சால்மோனெல்லா கிருமி ஊர்வனவற்றின் குடலில் நோய் எதுவும் காட்டாமல் வாழும். உறைந்த எலியிலும் இருக்கும். பாம்பைத் தொட்டாலும் எலியைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். எலிக்கான டப்பாவும் இடுக்கியும் சமையலறைப் பாத்திரங்களோடு சேரக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாம்பு வேண்டாம் என்பதுதான் மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

இந்தியாவில் இருப்பவர்களுக்குச் சட்டமும் உண்டு. 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சாரை, நல்ல பாம்பு, நம் மலைப்பாம்பு எதையும் பிடித்து வளர்க்க முடியாது. தோட்டத்தில் கண்டெடுத்தேன் என்பது சமாதானம் ஆகாது. பந்து மலைப்பாம்பு அயல்நாட்டு இனம்தான் என்றாலும், சைட்டிஸ் எனப்படும் பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. அதை வைத்திருப்பவர்கள் 2024 இல் வந்த விதிகளின்படி ‘பரிவேஷ்’ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். பாங்காக்கிலிருந்து வந்த பயணிகளின் பெட்டிகளில் துணிப்பைக்குள் முடிந்து கிடந்த பந்து மலைப்பாம்புகள் சென்னை விமான நிலையத்தில் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. கடத்தி வந்த அந்தச் சரக்குதான் ‘பேப்பர் இல்லாமல், குறைந்த விலைக்கு’ என்று கைமாறுகிறது. வழியில் செத்தது போக மிஞ்சிய குட்டிகள் அவை. சாப்பிட மறுப்பதில் முதலிடமும் அவற்றுக்குத்தான்.

வளர்க்க முடியவில்லை என்று எங்காவது கொண்டுபோய் விட்டுவிடுவது இன்னும் மோசம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், வளர்ப்பு வணிகத்திலிருந்து தப்பியும் கைவிடப்பட்டும் பெருகிய பர்மிய மலைப்பாம்புகள் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தின் முயலையும் ரக்கூனையும் ஏறத்தாழத் துடைத்துவிட்டன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017 இல் அங்கே அழைக்கப்பட்டவர்கள் நம் இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும். சில வாரங்களில் இருபதுக்கும் மேற்பட்ட பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். 2023 இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதையெல்லாம் படித்த பிறகும் ஆசை குறையவில்லை என்றால், பாம்பை வாங்குவதற்கு ஒரு மாதம் முன்பே பெட்டியை வாங்குங்கள். பதிவுக்கான காகிதங்களையும் பக்கத்தில் ஊர்வன பார்க்கும் மருத்துவர் யார் என்பதையும் அந்த மாதத்திலேயே விசாரித்துவிடுங்கள். இரண்டில் ஒன்று கிடைக்காவிட்டாலும் பாம்பு வாங்க வேண்டாம்.